டிராகுலாவின் கை ஏன் பிசுபிசுக்கிறது?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பழைய ஹாலிவுட் பேய்ப்படங்களில் வரும் டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைனின் பூதம், ஓநாய் மனிதன், மம்மி ஆகிய பாத்திரங்களின் ஆக்ஷன் ஃபிகர் பொம்மைகளைச் சேர்த்து வருகிறேன். அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒன்றிரண்டு கொண்டுவருவான். பாதியைப் பெட்டி பிரிக்காமலேயே அட்டாலியில் வைத்திருந்தேன். சித்திரையில் இறக்கிப் பார்த்தால், பல பொம்மைகள் எண்ணெய் தடவியதுபோல் பிசுபிசுக்கின்றன. 1970-களில் மீகோ நிறுவனம் செய்த எட்டு அங்குல டிராகுலாவின் கழுத்திலும் தோளிலும் கருங்கறை படிந்திருக்கிறது. இடுப்பு தளர்ந்து கால்கள் தொங்குகின்றன. முகமும் படத்தில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியைப் போல் இல்லை என்பதால் போலியோ என்று சந்தேகம். புதிதாக வந்த ஒரு ஃபிராங்கன்ஸ்டைன் பொம்மை பச்சை வெளுத்துச் சாம்பலாக இருக்கிறது. துண்டுகளை ஒட்டிச் சேர்த்து பொம்மை செய்யும் 1960-களின் அரோரா மாடல் கிட் ஒன்றும் பிரிக்காமல் இருக்கிறது. பெட்டிகளைப் பிரிக்கலாமா? பின்னாளில் இவற்றுக்கு விலை ஏறுமா? “பேயையும் பிசாசையும் வீட்டுக்குள் வைக்காதே” என்கிறார் அம்மா. ஒன்றரை வயது மகளும் இருக்கிறாள். என்ன செய்யட்டும்?

பதில்: இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே, அட்டாலியில் மிச்சம் ஏதேனும் இருந்தால் இறக்கிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் பொம்மைகளுக்கு நேர்ந்திருப்பது நோயும் அல்ல, தயாரிப்புக் குறையும் அல்ல. வெயிலில் வெந்த கான்கிரீட் கூரைக்கு இரண்டடி கீழே அவை ஒரு கோடைக்காலம் முழுவதும் இருந்திருக்கின்றன. கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொஞ்சம் கை கொடுக்கும். கிழக்கே வர வர அந்தத் தயவு குறைந்துகொண்டே வரும். ஈரோடும் கரூர்ப் பரமத்தியும் கோடையில் 40 பாகையைத் தொடுவதை ஆண்டுதோறும் செய்தியில் கேட்கிறோம். வெளியே நிழலில் அந்த வெப்பம் என்றால், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அட்டாலி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். வெப்பம் 10 பாகை கூடினால் பொருள்களுக்குள் நடக்கும் வேதி மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பழைய பொருள்களைப் பராமரிக்கும் எங்கள் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

பிசுபிசுப்புக்கு வருகிறேன். பொம்மையின் தலை, கை, ஆடை மடிப்பு போன்ற வளையும் பகுதிகள் பெரும்பாலும் பிவிசி என்னும் வினைல். பிவிசி இயல்பில் விறைப்பானது. தண்ணீர்க் குழாயைப் பார்த்தாலே தெரியும். அதை மென்மையாக்குவதற்கு எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள். அதற்குப் பிளாஸ்டிசைசர் என்று பெயர். மிக மென்மையான பொருளில் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இந்தத் திரவமாக இருக்கலாம். இது பிவிசியோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்திருப்பதில்லை; இடுக்குகளில் ஒதுங்கித்தான் இருக்கிறது. சூடு ஏறினால் நகர்ந்து மேற்பரப்புக்கு வந்துவிடும். நீங்கள் தொட்டுப் பார்த்தது அதைத்தான்.

பெட்டிக்குள் இருந்தவை ஏன் அதிகம் பிசுபிசுக்கின்றன என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. திறந்த வெளியில் இருக்கும் பொம்மையிலிருந்து அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்விடும். ஒட்டி அடைத்த பிளாஸ்டிக் குமிழுக்குள் போக வழி இல்லை; மேலே வந்தது மேலேயே நிற்கிறது. அதோடு பொம்மையைப் பிடித்துவைக்கும் உள்தட்டு வேறு. பள்ளிக்கூட நாளில் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் அழிரப்பரும் பிளாஸ்டிக் ஸ்கேலும் ஒட்டிக்கொண்டு, பிரித்தெடுத்தால் ஸ்கேலில் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வினைல் ரப்பரிலிருந்து கசிந்த பிளாஸ்டிசைசர் ஸ்கேலின் பாலிஸ்டைரீனைக் கரைத்த கதை அது. பொம்மைக்கும் தட்டுக்கும் நடுவில் அதே கதைதான் நடக்கிறது. தோளிலோ முட்டியிலோ பெயிண்ட் உரிந்து தட்டில் ஒட்டியிருந்தால் காரணம் புரிந்துவிடும்.

எப்படிச் சுத்தம் செய்வது? வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு சொட்டு, மென்மையான பருத்தித் துணி. துணி ஆடை இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். அழுத்தாமல் துடைத்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை துடைத்து, மின்விசிறிக் காற்றில் முழுதாக உலரவிடுங்கள். முதுகிலோ பாதத்தின் அடியிலோ சிறிது இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகுதான் முகத்துக்குப் போக வேண்டும். பிசுக்கு சில வாரத்தில் திரும்ப வரலாம். வந்தவுடன் துடைக்கத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துடைப்பிலும் பொம்மையின் மென்மைக்குக் காரணமான பொருளைத்தான் வழித்தெடுக்கிறீர்கள். வாரம் தவறாமல் துடைக்கும் பொம்மை நாளடைவில் சுருங்கி விறைத்து, வளைத்தால் வெடிக்கும் நிலைக்கு வரும். தூசி ஒட்டும் அளவுக்கு மோசமானால் மட்டும் துடைத்தால் போதும்.

திருப்பூரில் தூசி என்றால் பாதி பஞ்சு. நிட்டிங் மெஷின் ஓடும் தெருவில் வீடு இருந்தால், பிசுக்கான வினைலின் மேல் அந்தப் பஞ்சுத்தூசி ஒரு படலமாகவே படியும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் உள்ளே அழுந்தும். மேற்சொன்ன ஈரத் துடைப்புதான் அதற்கும் வழி.

செய்யக் கூடாதவை சில உண்டு. சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் மூன்றும் பெயிண்டைத் தின்றுவிடும். கடினமான பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விடவும் கூடும். குழந்தைப் பவுடர் தூவினால் பிசுக்கு மறையும் என்று சேகரிப்பாளர்கள் பலர் சொல்வார்கள். மறையத்தான் செய்யும், அடியில் வேலை நடந்துகொண்டே இருக்கும், பவுடர் இடுக்குகளில் குழைந்து கட்டியாகும். எல்லாவற்றையும்விட நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து அந்துருண்டை. பட்டுப்புடவை வைக்கும் பீரோவில் பொம்மையை வைத்து, பூச்சி வராமல் இருக்க நாலு உருண்டையையும் போட்டுவிடுகிறோம். அந்துருண்டையின் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும் தன்மை கொண்டது. உங்கள் அரோரா கிட் முழுக்க முழுக்கப் பாலிஸ்டைரீன். அதன் பக்கத்தில் அந்துருண்டையை எந்தக் காரணத்துக்காகவும் கொண்டுபோகாதீர்கள்.

பெட்டியைப் பிரிக்கலாமா என்ற கேள்விக்குச் சேகரிப்பாளர்கள் மதச்சண்டை போடுவார்கள். நான் பொருள் பராமரிப்பவன். எனக்கு அட்டையைவிடப் பொம்மை முக்கியம். மென்மையான வினைல் பொம்மைகளைப் பிரித்துவிடுங்கள் என்பதே என் கருத்து. உள்தட்டிலிருந்து பொம்மையை விடுவித்தாலே பாதிச் சேதம் நின்றுவிடும். இன்று வரும் ஏழு அங்குலப் பொம்மைகள் பலவற்றின் பெட்டி, மூடியில் இருக்கும் ஒட்டுநாடாவைக் கத்தரித்தாலே திறந்துகொள்ளும். பெட்டிக்கு ஒரு சேதமும் இல்லை. அட்டையோடு ஒட்டிய குமிழ் வகையாக இருந்தால், குமிழின் அடிப்பக்கத்தைக் கூர்மையான பிளேடால் மூன்று பக்கம் கீறிப் பொம்மையை உருவிவிட்டு, அட்டையைத் தனியே தட்டையாக வையுங்கள். விற்கும் நாளில் கொஞ்சம் விலை குறையும். பிரிக்காமல் வைத்து அதற்குள் பொம்மை உருகினாலும் விலை குறையத்தான் செய்யும்.

அரோரா கிட்டைப் பிரிக்காதீர்கள். அந்த நிறுவனம் 1961-இல் ஃபிராங்கன்ஸ்டைனில் தொடங்கி இந்த வரிசையை வெளியிட்டது. கிட்டின் கடினப் பிளாஸ்டிக்கில் பிளாஸ்டிசைசர் கிடையாது. உள்ளே எதுவும் கசியாது. பெட்டியின் மேல் ஜேம்ஸ் பாமா தீட்டிய ஓவியத்துக்காகவே பலர் அதை வாங்குகிறார்கள். அங்கே காப்பாற்ற வேண்டியது அட்டையைத்தான்: வெயிலிலிருந்து, ஐப்பசி மழையின் ஈரத்திலிருந்து, கரையானிடமிருந்து, இராமபாணப் பூச்சியிடமிருந்து.

பிரித்ததை எங்கே வைப்பது? ஒரு முரணைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்களே எங்காவது படித்துவிட்டுக் குழம்புவீர்கள். மூடிய கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பிவிசி, திறந்தவெளியில் வைத்ததைவிட மெதுவாகவே பிளாஸ்டிசைசரை இழக்கிறது என்று அருங்காட்சியகங்களுக்காக நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியானால் பெட்டியிலேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். கண்ணாடி அந்தத் திரவத்தை உறிஞ்சாது, பொம்மையைத் தொட்டுக்கொண்டும் இருக்காது. பெட்டியின் தட்டும் பாலிதீன் பையும் உறிஞ்சும், ஒட்டும். ஆகவே கதவு நன்றாக மூடும் கண்ணாடி ஷோகேஸ், அதில் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் பொம்மைகள் என்பதே நம் வீட்டுக்கு நடைமுறையில் சரியான ஏற்பாடு. பஞ்சுத்தூசிக்கும் அதுவே தடுப்பு.

ஷோகேஸ் மேற்குச் சுவரில் வேண்டாம். மாலை வெயில் வாங்கிய சுவர் இரவு பத்து மணி வரை அனல் விடும். அடுக்களையோடு ஒட்டிய சுவரும் வேண்டாம். மாடி வீடாக இருந்தால் கீழ்த்தளத்தின் உள்ளறையே நல்லது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலும் வெயில்தான்; புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைக் கண்ணாடி தடுக்காது. வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாவதற்கு அது போதும். உள்ளே விளக்கு வேண்டுமென்றால் சிறிய எல்இடி, அதுவும் பார்க்கும் நேரத்துக்கு மட்டும். புதிதாகச் செய்த பிளைவுட் அலமாரி என்றால் வார்னிஷ் வாசம் முழுதாகப் போகும் வரை காலியாகத் திறந்து வையுங்கள். வினைல் பாதம் பெயிண்ட் அடித்த தட்டில் நேராக நின்றால் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் தட்டில் நிற்கட்டும், அல்லது பாதத்துக்கடியில் பாலியெஸ்டர் ஃபிலிம் துண்டு ஒன்றைப் போடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன என்று ஒருவர் முன்பு கேட்டிருந்தார். வெளியே எடுக்கும்போதெல்லாம் வியர்க்கும், வேண்டாம்.

வெப்பத்தில் கணுக்கால் இளகிச் சாய்ந்த பொம்மைகள் இருந்தால் நிமிர்த்திவிடலாம். கொதித்து இறக்கிச் சற்று ஆறிய தண்ணீரில் காலை மட்டும் அரை நிமிடம் பிடித்து, நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் முக்குங்கள். துணி ஆடை உள்ளவற்றுக்கும் 1970-களின் பழையவற்றுக்கும் இதைச் செய்யாதீர்கள்.

இனி அந்த மீகோ டிராகுலா. கறை எங்கிருந்து வந்தது என்று என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். மேலங்கியின் சாயம் இறங்கியிருக்கிறது. தண்ணீரே படவில்லையே, சாயம் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் சோதனை அறிக்கைகளில், துணியின் சாயம் நிற்கிறதா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 105 வரிசை உங்களுக்குப் பழக்கம்தான். துவைப்பு, வியர்வை, உரசல் ஆகியவற்றைத் தாண்டி, துணியின் சாயம் பிவிசி பூச்சுக்குள் இறங்குகிறதா என்று பார்ப்பதற்கென்றே அதில் எக்ஸ்10 என்று ஒரு சோதனை இருக்கிறது. பிளாஸ்டிசைசர் சாயத்தைக் கரைத்துத் தன்னோடு வினைலுக்குள் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் தேவையில்லை, தொடுகையும் சூடும் போதும். ஐம்பது வருடத் தொடுகையும் உங்கள் அட்டாலியின் சூடும் சேர்ந்து அந்த வேலையை முடித்திருக்கின்றன.

கறை மேற்பரப்பில் இல்லை, உள்ளே இறங்கியிருக்கிறது. அதனால் சோப்புக்குப் போகாது. முகப்பரு களிம்பைத் தடவி வெயிலில் வைத்தால் போகும் என்று சேகரிப்பாளர்கள் செய்கிறார்கள். அதில் இருக்கும் பென்சாயில் பெராக்சைடு சாயத்தை வெளுக்கும்தான். சுற்றியிருக்கும் வினைலின் நிறத்தையும் சேர்த்து வெளுக்கும். வெளுத்த திட்டைத் திரும்ப நிறமாக்க முடியாது. கழுத்துக் கறை காலருக்குள் மறையும் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். ஐம்பது வயதுப் பொம்மைக்கு அது ஒரு குறையே இல்லை.

மேலும் இறங்காமல் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. சாயமிடாத, ஆப்டிகல் ஒயிட்னர் போடாத, நன்றாக அலசிய வெள்ளைப் பருத்தி பனியன் துணியில் ஒரு சிறிய உள்சட்டை தைத்து மேலங்கிக்கும் உடம்புக்கும் நடுவில் போடுங்கள். மெல்லிய பாலியெஸ்டர் ஃபிலிமைக் கழுத்தைச் சுற்றி வைத்தாலும் சரி. ஆடையை நிறுத்தக் குண்டூசி மட்டும் குத்தாதீர்கள். வினைலுக்குள் இருக்கும் உலோகம் நாளடைவில் கறை விடும். காதில் உலோகத் தோடு போட்ட பழைய வினைல் பொம்மைகளின் காதோரம் பச்சை பிடித்திருப்பதை உலகெங்கும் சேகரிப்பாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இடுப்புத் தளர்ச்சிக்குக் காரணம் எலாஸ்டிக். மீகோவின் எட்டு அங்குல உடம்புக்குள் எலாஸ்டிக் கயிறுதான் கைகால்களை இழுத்துப் பிடித்திருக்கும். ஐம்பது வருடம் இழுபட்ட ரப்பர் செத்துப்போவது இயல்பு. திருப்பூரில் இருந்துகொண்டு எலாஸ்டிக்குக்கு வழி கேட்பது கொஞ்சம் வேடிக்கை. மாற்றுவது கடினமான வேலை அல்ல. ஆனால் பழைய எலாஸ்டிக்கைத் தூக்கி எறியாமல் ஒரு காகித உறையில் போட்டு, மாற்றிய தேதியையும் போட்ட புதிய எலாஸ்டிக்கின் வகையையும் எழுதி வையுங்கள். பின்னால் யாராவது வாங்கினால் எது அசல், எது நீங்கள் செய்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

போலியா என்ற கேள்விக்கு முகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மீகோவின் அந்தப் பேய் வரிசை யுனிவர்சல் ஸ்டுடியோவிடம் உரிமம் வாங்கிச் செய்யப்பட்டதே அல்ல. டிராகுலா என்ற பாத்திரம் நாவலிலிருந்து வந்தது. 1931 படத்தில் நடித்த லுகோசியின் முகம் வேறு சொத்து. அந்த முகத்துக்கு யார் உரிமையாளர் என்பதே பெரிய வழக்கானது. லுகோசியின் மனைவியும் மகனும் யுனிவர்சல் மீது தொடுத்த வழக்கில், உயிரோடு இருந்தபோது அவர் பயன்படுத்தாத அந்த உரிமை வாரிசுகளுக்கு இறங்காது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1979-இல் தீர்ப்பளித்தது. பிறகு அந்த மாநிலம் சட்டத்தையே மாற்றி, 1985 முதல் வாரிசுகளுக்கு உரிமை கொடுத்தது. ஆகவே லுகோசி ஜாடை இல்லாத டிராகுலா பொம்மை எதைக் கண்டாலும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியது முதுகை. மீகோ பெயரும் ஹாங்காங் என்ற சொல்லும் ரோமன் எண்ணில் 1971 அல்லது 1974 என்ற ஆண்டும் அச்சில் இருக்க வேண்டும். அது உடம்பின் அச்சு உருவான ஆண்டு. உங்கள் பொம்மை செய்த ஆண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் திவாலாகி, பெயர் 2018-இல் மறுபடி சந்தைக்கு வந்தது. புதிய மீகோ பொம்மைகளை யாரும் போலி என்று சொல்ல முடியாது, பழையவை என்று விற்றால்தான் மோசடி. நடைமுறையில் அதிகம் நடப்பது இன்னொன்று: அசல் உடம்புக்குப் புதிதாகத் தைத்த ஆடை. அங்கேதான் உங்கள் தொழில் கண் உதவும். காதர்பேட்டைச் சந்தையில் குறையுள்ள செகண்ட்ஸ் துணியைப் பிரித்துப் பார்க்கும் அதே பார்வையோடு தையலைப் பாருங்கள். நூலின் பளபளப்பு, ஓவர்லாக் அடர்த்தி, பட்டன் ஒட்டிய விதம், ஆடை முழுவதும் ஒரே மாதிரிப் பழசாகியிருக்கிறதா என்பது. கறையும் ஒரு சாட்சி: கழுத்தில் கறை இருக்கும் இடமும் மேலங்கி தொடும் இடமும் பொருந்தினால் இரண்டும் நெடுநாள் ஒன்றாக இருந்திருக்கின்றன.

சாம்பல் நிற ஃபிராங்கன்ஸ்டைன் வெளுத்துப்போகவில்லை என்றே நினைக்கிறேன். கோட்டைக் கழற்றி அக்குளைப் பாருங்கள். வெளுத்திருந்தால் வெளிச்சம் படாத இடத்தில் பச்சை மிஞ்சியிருக்கும். அங்கும் சாம்பலே என்றால், கறுப்பு வெள்ளைப் பதிப்பு என்று அப்படியே தயாரித்து விற்ற பொம்மை அது. நெகா போன்ற நிறுவனங்கள் ஒரே பொம்மையை இரண்டு நிறத்திலும் விட்டிருக்கின்றன. படமே 1931-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் அமைத்த முகம் திரையில் பிணம்போல் வெளிறித் தெரிந்தது; பூதத்தைப் பச்சையாக நம் மனத்தில் பதித்தவை சுவரொட்டிகளும் முகமூடிகளும் பொம்மைகளும்தான். மம்மியும் அப்படியே. 1932 படத்தில் போரிஸ் கார்லாஃப் கட்டுத்துணி சுற்றிய கோலத்தில் வருவது தொடக்கத்தில் கொஞ்ச நேரம்தான். படம் முழுவதும் நீள அங்கியும் குல்லாவுமாகத்தான் நடமாடுவார். எந்தப் பொம்மைக் கம்பெனி அந்தக் குல்லாக்காரரைச் செய்து பிழைக்க முடியும்?

விலை ஏறுமா என்றால், முதலீடாக நினைத்து வாங்காதீர்கள். வாங்குவோர் எல்லாரும் கடல் தாண்டி இருக்கிறார்கள். அனுப்பும் செலவு, பெட்டியின் நிலை, எலாஸ்டிக் மாற்றம் எல்லாம் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது குறைவு. பார்த்து ரசிப்பதற்கு வாங்குங்கள்.

குழந்தை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். பழைய வினைலில் பெரும்பாலும் தாலேட் வகைப் பிளாஸ்டிசைசர்தான். வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளுக்கு அது நல்லதல்ல என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005-லும் அமெரிக்கா 2008-லும் குழந்தைப் பொம்மைகளில் அவற்றில் சிலவற்றை 0.1 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தின. உங்கள் மீகோ அதற்கெல்லாம் முந்தியது. பழைய பெயிண்டில் காரீயம் இருக்கவும் வாய்ப்பு உண்டு. புதிய பொம்மைகளிலும் கழன்றுவிடும் கைகளும் சின்ன ஆயுதங்களும் தொண்டையில் சிக்கும் அளவில் இருக்கும்; அவை பெரியவர்களுக்காகச் செய்தவை. ஷோகேஸுக்குப் பூட்டு போடுங்கள். பிசுக்கான பொம்மையைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவிய பிறகு மகளைத் தூக்குங்கள்.

அம்மாவின் பேச்சு என் துறைக்குள் வராது. இருந்தாலும் கொங்கு நாட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அரிவாளோடும் உருட்டு விழியோடும் நிற்கும் கருப்பராயனுக்குப் பொங்கல் வைத்து, ஆனைமலையில் படுத்திருக்கும் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வரும் ஊர் நம்முடையது. கோர முகத்தைக் கண்டு உங்கள் அம்மா பயப்படுகிறார் என்று நான் நம்பவில்லை. காவல் தெய்வத்துக்கு ஊர் எல்லையில் ஓர் இடம் இருக்கிறது; இவற்றுக்கு வீட்டில் எது இடம் என்பதுதான் அவர் கேள்வியாக இருக்கும். ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி வைத்திருக்கிறீர்களா? பூஜை அறைக்கு எதிரிலா? வெயில் படாத உள்ளறையில், கதவுள்ள, பூட்டுள்ள அலமாரி என்று நான் மேலே சொன்ன இடம் அவருக்கும் ஒத்துவரக்கூடும். எந்த அறை என்பதை அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

மச்சினன் அடுத்த முறை வருவதை வைகாசி வரை தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கூரியரில் அனுப்புவதாக இருந்தால் பங்குனி, சித்திரை மாதங்களில் வேண்டவே வேண்டாம். கிடங்கிலும் லாரியிலும் பார்சல் வேகும். பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் ஏற்றப்பட்டது. 2021 முதல் நடைமுறைக்கு வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி, 14 வயதுக்குட்பட்டோர் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும். சேகரிப்பாளர் பொம்மைகளின் பெட்டியில் பெரியவர்களுக்கானது என்ற வயதுக் குறிப்பு அச்சிட்டிருக்கும். அந்தக் குறிப்பு தெரியும்படி பெட்டியைப் பில்லோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பயணப் பெட்டியில் கொண்டுவந்தால் சலுகை வரம்பு அப்போது எவ்வளவு என்பதைப் புறப்படும் முன் சுங்கத்துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளட்டும். பழைய பொம்மை வாங்குவதாக இருந்தால், விற்பவரிடம் முகப் படத்தோடு முதுகு, பாதம், அக்குள் மூன்றின் படத்தையும் கேட்டு வாங்கி உங்களுக்கு முதலில் அனுப்பச் சொல்லுங்கள். பணம் அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.